சாப்பாட்டில் ஒன்றுமில்லை

அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளில் சர்க்கரை வியாதி இருப்பதாக அக்கம்பக்கம் நம்பிக்கொண்டிருந்தது என்றால், அதற்கு நர்ஸம்மாதான் காரணம். அவள் வேலை பார்த்தது மனநல சென்டரில். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது, மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று விசாரிப்பது, ஊசி நாள் வந்தால் போடுவது, தூங்குகிறார்களா, குளிக்கிறார்களா, சுவரோடு பேசுகிறார்களா என்று நோட்டம் விடுவது. இதையெல்லாம் வாசலில் நின்று சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாளே அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள், வாடகைக்கு வீடும் விட மாட்டார்கள். அதனால் தெருமுனையிலேயே ஸ்கூட்டியை நிறுத்திக் கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். யாராவது வாயைக் கிளறினால், "சுகர் பார்க்க வந்தேன்" என்பாள்.

சுகர் சிஸ்டர் என்று பேரே நிலைத்துவிட்டது. சும்மா இருப்பார்களா? போகிற இடமெல்லாம் ஆளாளுக்கு விரலை நீட்டினார்கள். வேறு வழியில்லாமல் கைக்காசைப் போட்டுச் சுகர் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாள். இப்படி வேடிக்கைக்கு நீட்டிய பேக்கரிக்காரருக்கு நிஜமாகவே முந்நூறைத் தாண்டிக் காட்ட, அவர் அவளைத் தெய்வம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு பொய்யைக் காப்பாற்றப் போய் ஓர் உயிரைக் காப்பாற்றினதுதான் அவள் உத்தியோகத்தில் கண்ட புண்ணியம்.

தையல்காரி வீட்டிலும் அவள் சுகர் சிஸ்டர்தான். அந்த வீட்டில் ஒருவருக்கும் சுகர் கிடையாது. தையல்காரிக்கு முதுகுவலி, அவள் புருஷன் வேன் டிரைவருக்கு வாய்க்கொழுப்பு, அவ்வளவுதான். நோயாளி, தையல்காரியின் தம்பி. கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறையில் வெல்டர். நல்ல கைக்காரன். அவன் பற்றவைத்துத் தேய்த்துவிட்டால் இரும்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது.

சில வருஷங்களுக்கு முன்னால் அவனுக்குப் புத்தி பேதலித்தது. சாப்பாட்டில்தான் ஆரம்பித்தது. முதலில் தட்டை முகர்ந்து பார்த்தான். பிறகு அக்கா முகத்தைப் பார்த்தான். "என்னமோ கலக்குறீங்க" என்றான். சோறு வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அவித்த முட்டையைத் தானே உரித்துத் தின்றான், தோலோடு இருக்கிற பழம் தின்றான், கடைசியில் அதுவும் இல்லை. செத்துப்போன அம்மா மேல் ஆணையாக ஒன்றும் கலக்கவில்லை என்று தையல்காரி அழுதாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். யார் சொல்லி யார் கேட்பது? ஒரு நாள் கொதிக்கிற குழம்பைச் சட்டியோடு தூக்கி எறிந்தான். அது வேன் டிரைவரின் தோளில் விழுந்தது. தோல் வழன்று தொங்க, அந்த மனுஷன்தான் தன் வேனிலேயே மைத்துனனைக் கட்டிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

நர்ஸம்மாவுக்கு அப்போது வார்டில் டியூட்டி. எலும்பும் தோலுமாய்க் கிடந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்து ஒரு வாய் அள்ளித் தான் முதலில் தின்பாள். தின்றுவிட்டு, "பாத்துக்க, சாகறனான்னு" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருப்பாள். அவன் நெடுநேரம் உற்றுப் பார்ப்பான். சோறு ஆறிப்போனபிறகு மெல்லச் சாப்பிடுவான். வேளாவேளைக்கு இதே பாடு. மருந்து வேலை செய்ய ஆரம்பித்ததும் அவனுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தாள். "சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல. அது என் பயம்." சந்தேகம் வரும்போதெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே சாப்பிட வேண்டும். அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்குப் போனான், பட்டறைக்குப் போனான், உடம்பு தேறினான்.

தேறியதும் மாத்திரையை நிறுத்திவிட்டான். நன்றாக இருக்கிறவன் எதற்கு மாத்திரை போட வேண்டும் என்பது அவன் வாதம். எல்லோரும் சொல்கிற வாதம்தான். தையல்காரி அவனோடு மல்லுக்கு நிற்கவில்லை. மாத்திரையைத் துணி மடிப்பில் வைத்து, பெரிய கத்தரிக்கோலின் பிடியால் நுணுக்கி, இஞ்சி தட்டிப்போட்ட காலை டீயில் கலக்கிக் கொடுத்துவிட்டாள். ஒரு நாள் சீக்கிரமாக வந்த நர்ஸம்மா அதைக் கண்ணால் பார்த்தாள். தாம்தூம் என்று குதித்தாள். டாக்டரிடம் சொல்வேன் என்றாள். வேன் டிரைவர் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளைக் காட்டினான். அவ்வளவுதான், நர்ஸம்மாவின் வாய் அடைத்துப்போயிற்று. அதற்குப் பிறகு மாதாமாதம் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து, தைக்கிற துணிக் குவியலுக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள். அவன் பட்டறையில் சிரித்துக்கொண்டு வேலை பார்த்தான். அதைப் பார்த்து அவளும் மனசை ஆற்றிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். மழை விட்டும் தூவானம் விடவில்லை. தையல்காரியின் முன்னறை முழுக்க யூனிஃபார்ம் துணி. ஒரு பக்கம் நீல டவுசர்கள், ஒரு பக்கம் காலர் வைக்காத வெள்ளைச் சட்டைகள். ஈர வாடையோடு புதுத்துணிக் கஞ்சி வாடையும் சேர்ந்து மூக்கை அடைத்தது. வேன் டிரைவர் தரையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். சவாரி இல்லாத நாளில் அவன்தான் பொத்தான்.

"உக்காருங்க சிஸ்டர். நல்ல சேதி" என்றாள் தையல்காரி, மெஷினை நிறுத்தாமல். "தம்பிக்கு முடிஞ்சிடுச்சு. கண்ணாடிக் கடையில நிக்குதே அந்தப் பொண்ணு. இவன் கண்ணுக்குப் புகை கண்ணாடி வாங்கப் போய் வந்து, வாங்கப் போய் வந்து, கடைசில அதுவே வாயத் தொறந்து கேட்டுடுச்சாம், எத்தன கண்ணுங்க உங்களுக்குன்னு."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மனசார வந்த சிரிப்பு. "அடி சக்கை! எப்போ?"

"அடுத்த மாசம். பட்டறைக்குப் பக்கத்துலயே மாடி வீடு பாத்திருக்கான். தனியாத்தான் இருக்கப் போறாங்க."

"இருக்கட்டுமே. நல்லதுதான்."

தையல்காரி மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "அப்போ டீ யாரு போடுவா?"

தூறல் தகரத்தில் விழும் சத்தம் கேட்டது.

"நீங்கதான் அந்தப் பொண்ணுகிட்ட பக்குவமாச் சொல்லித் தரணும் சிஸ்டர். சத்து மாத்திரைன்னு சொல்லுங்க. வெல்டிங் புகைல நிக்கிறவருக்கு ரத்தம் சுண்டிடும், ஆனா மாத்திரைன்னா அவருக்கு ஆகாது, அதனால டீல பொடிச்சுப் போட்டுக் குடுத்துடும்மான்னு சொல்லுங்க. நான் சொன்னா அது நாத்தனார் பேச்சு. நீங்க சொன்னா நர்ஸ் பேச்சு."

"ஏம்மா, கட்டிக்கப்போறவளுக்கு விஷயமே தெரியாதா?"

"தெரிஞ்சா கட்டிப்பாளா?"

"கட்டினப்புறம் தெரிஞ்சா?"

"பொண்டாட்டி ஆயிட்டா பொறுத்துப்பா. ஊர்ல அவஅவ எதையெல்லாம் பொறுத்துக்கிட்டு இருக்கா!"

"என்னைய ஏண்டி பாக்குற?" என்றான் வேன் டிரைவர், ஊசியில் நூலைக் கோத்தபடி.

"இது தப்பும்மா" என்றாள் நர்ஸம்மா. "இத்தன நாள் நான் வாய மூடிக்கிட்டு இருந்ததே தப்பு. அவன்கிட்ட சொல்லிடலாம். நல்லா இருக்கிறப்ப சொன்னாதான் எடுத்துப்பான். மாத்திரையால உனக்கு இவ்வளவு நல்லாச்சுப்பான்னு சொன்னா, தானே போட்டுக்குவான்."

"என்னன்னு சொல்றது?" தையல்காரியின் குரல் தாழ்ந்துவிட்டது. "நீ எத நெனச்சுப் பயந்து பைத்தியமானியோ, அதத்தாண்டா நாங்க நெஜமாவே செஞ்சோம்னு சொல்றதா? அம்மா மேல சத்தியம் பண்ணின வாயால நான் சொல்லட்டுமா?"

வேன் டிரைவர்தான் பொத்தான் நூலைப் பல்லால் அறுத்துவிட்டுச் சொன்னான்.

"சிஸ்டர், நீங்க நல்லவங்க. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு இது டியூட்டி. அஞ்சு மணிக்கு மேல நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. அவன் மறுபடி சட்டியத் தூக்கினா நிக்கப்போறது நான். எனக்கு இன்னொரு தோள்தான் பாக்கி இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று நர்ஸம்மா எழுந்தாள். எழுந்தவள், கையோடு கொண்டுவந்திருந்த அந்த மாத மாத்திரையைத் துணிக்கு அடியில் செருகவும் மறக்கவில்லை. பழக்கம்.

அந்த வாரக் கடைசியில் பட்டறைக்குப் போனாள். அங்கேயும் சுகர்தான். முதலாளி விரலை நீட்டி, "ஸ்வீட்டே தொடறதில்லம்மா" என்று சத்தியம் செய்தார். மெஷின் அவர் பொய்யைப் புட்டுப் புட்டு வைத்தது. வெல்டிங் தீப்பொறி நின்றது. வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டு, பின்பக்கம் வரும்படி கண்ணால் கூப்பிட்டான். சுவரில் சாய்த்து வைத்திருந்த, பெயின்ட் அடிக்காத கேட்டுகளுக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்க இடம் இருந்தது.

"சிஸ்டர், திட்டக் கூடாது" என்றான். கையுறையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். "எனக்குத் திரும்பி வருது."

"என்ன வருது? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியுது. காலைல டீ கசக்குது சிஸ்டர். போன மாசத்துலேர்ந்து. கிளாசுக்கு அடியில வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி தங்குது. அக்கா என்னமோ கலக்குதுன்னு மனசு சொல்லுது. நான் விடல. நீங்க சொல்லிக்குடுத்தீங்கல்ல, அதச் சொல்லிக்கிட்டே மடக்கு மடக்குன்னு குடிச்சிடுறேன். சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல, அது என் பயம். அந்தக் கசடக்கூட விரலால வழிச்சு நக்கிடுறேன். பயத்துக்கு எடம் குடுக்கக் கூடாதுல்ல?"

நர்ஸம்மா பைக்குள் இருந்த மாத்திரை அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். போன மாதம் சென்டருக்கு வந்தது புதுக் கம்பெனி மாத்திரை. கல் மாதிரி இருக்கும். எவ்வளவு நுணுக்கினாலும் கரையாது.

"முன்னாடியெல்லாம் மனசுல தோணும், அவ்வளவுதான்" என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். "இப்ப கண்ணுக்கே தெரியுது, நாக்குக்கே தெரியுது. கண்ணும் நாக்கும் பொய் சொல்ல ஆரம்பிச்சா முத்திடுச்சுன்னுதானே அர்த்தம்? அந்தப் பொண்ண ஏமாத்தக் கூடாது சிஸ்டர். இன்னைக்கு சாயந்திரம் கடைக்குப் போய், வேற மாப்ள பாத்துக்கம்மான்னு சொல்லிட்டு வந்துடுறேன். அப்புறம் நீங்க என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மாத்திரை குடுத்தா இந்தத் தடவ ஒழுங்காப் போட்டுக்கறேன்."

இதைவிட லட்டு மாதிரி ஒரு வழி கிடைக்குமா? ஆமாம்பா, திரும்பி வந்திருக்கிறது, கொஞ்சமாகத்தான் வந்திருக்கிறது, இந்தா மாத்திரை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தன் கையாலேயே வாங்கிப் போட்டுக்கொள்வான். அக்காவின் மானமும் போகாது, நர்ஸம்மாவின் மானமும் போகாது. கல்யாணம்கூட நின்றுபோகாமல் அவள் பேசிச் சரிசெய்துவிடலாம். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பையன் சாகும்வரைக்கும் எதைப் பார்த்தாலும், எதைத் தின்றாலும், இது நிஜம்தானா என்று இன்னொருவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கசக்கிற டீயைக் கசக்கிறது என்று சொல்லக்கூட அவனுக்கு உரிமை இருக்காது. பாவி, கசடை வழித்து நக்கியிருக்கிறானே என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உன் நாக்கு பொய் சொல்லலப்பா" என்றாள். "டீல மாத்திரை இருக்கு."

அவன் முகம் முதலில் மலர்ந்தது. அதைத்தான் அவளால் பிற்பாடு மறக்க முடியவில்லை. "அப்போ எனக்கு வரலியா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டான். "நெஜமா? நோய் வரலியா சிஸ்டர்?"

"வரல. நீ நல்லா இருக்க."

"நல்லா இருக்கேன்" என்று அவனும் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் முகம் மாறிவிட்டது. "யாரு போடுறது? அக்காவா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"எப்போலேர்ந்து?"

"நீ மாத்திரைய நிறுத்தினதுலேர்ந்து."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

முன்னால் யாரோ இரும்புக் கம்பியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கிறவரைக்கும் அவன் காத்திருந்தான். பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டான்.

"உங்களுக்கு?"

"தெரியும்பா."

"தெரிஞ்சுக்கிட்டேதானா, ஒவ்வொரு தடவ வரப்பவும் அந்த வார்த்தைய மறக்காமச் சொல்றியான்னு கேட்டீங்க?"

"நான் சொல்லிக்குடுத்தப்ப அது உண்மை. அன்னைக்கு உன் தட்டுல ஒண்ணும் இல்ல. நானே தின்னு காட்டினேனே! அப்ப இருந்தது நோய். இப்ப இருக்கிறது மருந்து. ரெண்டும் வேற வேற தம்பி."

"எனக்கு எப்படித் தெரியும்?" அவன் குரலை உயர்த்தவே இல்லை. "அன்னைக்கு இல்லன்னு சொன்னதும் நீங்கதான். இன்னைக்கு இருக்குன்னு சொல்றதும் நீங்கதான். அக்கா அன்னைக்கும் சத்தியம் பண்ணுச்சு. எது எதுல இருந்துச்சு, எது எதுல இல்லன்னு நான் யாரப் போய்க் கேக்கறது?"

இருபது வருஷ சர்வீஸ் அவளுக்கு. கத்தியோடு நின்றவனைப் பேசிப் பேசியே உட்கார வைத்திருக்கிறாள். மொட்டைமாடி விளிம்பில் நின்றவளைக் கீழே இறக்கியிருக்கிறாள். இந்தக் கேள்விக்கு அவள் பெயின்ட் அடிக்காத கேட்டின் துருவைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"மாத்திரை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். அவள் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்தான். ஒன்றைப் பிதுக்கி எடுத்து நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் சுவைத்தான்.

"இதேதான்" என்றான். குழாயடிக்குப் போய்க் கையில் தண்ணீர் பிடித்து விழுங்கினான். "இது இருக்கறதாலதான் நான் நல்லா இருக்கேன், இல்ல? சரி. நான் போட்டுக்கறேன். நீங்க யாரும் கையால குடுக்க வேணாம்."

அன்று அவன் வீட்டுக்குப் போய்ச் சண்டை ஏதும் போடவில்லை. நர்ஸம்மா முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டதால், வேன் டிரைவர் அடுப்பங்கரை வாசலில் தயாராக நின்றிருக்கிறான், பாவம், சட்டி பானைகளை எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு. வந்தவனோ துணிமணிகளை மடித்து எடுத்துக்கொண்டு, மாடி வீட்டுக்கு இப்போதே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சில நாள் கழித்து நர்ஸம்மா போனபோது தையல்காரி திட்டக்கூட இல்லை. பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கால்ல விழுந்தேன் சிஸ்டர். எழுந்திரு அக்கான்னு தூக்கி விட்டான். கோவமே இல்ல அவனுக்கு. ஒரு அடி அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். "மதியத்துக்கு டிபன் கேரியர்ல போட்டுப் பட்டறைக்கு அனுப்பினேன். கழுவித் துடைச்சுத் திரும்பி வந்துச்சு. சாப்ட்டான்னு நெனச்சு மறுநாளும் அனுப்பினேன். அப்புறம் பட்டறைக்காரர் பாத்துட்டு வந்து சொன்னாரு, நாய்க்கு வெக்கிறான்மான்னு. நாய்க்கு வெச்சுட்டு, அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கானாம்."

"போதுமா சிஸ்டர்?" என்றான் வேன் டிரைவர். "உண்மையச் சொல்லியாச்சு. திருப்தியா?"

சென்டரில் டாக்டரம்மாவுக்கோ ஏக சந்தோஷம். "தானே வந்து வாங்கிட்டுப் போறானாமே! ஒரு வேளை தவறலயாமே! எப்படி சாதிச்சீங்க? அடுத்த மீட்டிங்ல எல்லாருக்கும் நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றாள். நர்ஸம்மா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். மீட்டிங் அன்றைக்கு லீவு போட்டாள்.

கண்ணாடிக் கடைப் பெண்ணிடம் அவன் ஒளிவு மறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாளாம். பிறகு, "எங்கப்பா பிரஷருக்கு மாத்திரை போடலியா? என்கிட்ட மறைக்காம போடுங்க, அது போதும்" என்றாளாம். கல்யாணம் நடந்துவிட்டது. ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, பட்டறையிலேயே சாப்பாடு. இரும்புத் தூளைக் கூட்டித் தள்ளி, கேட்டுகளை எல்லாம் ஓர் ஓரமாகச் சாய்த்து, மேஜை போட்டு வெள்ளைத்தாள் விரித்திருந்தார்கள். சமையலுக்கு வெளியாள். பரிமாறச் சொந்தக்காரர்கள்.

நர்ஸம்மாவை வாசலில் பார்த்ததும் அவன் எழுந்து வந்து கைகூப்பினான். "வாங்க மேடம். சாப்பிட்டுத்தான் போகணும்" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து சிஸ்டர் தவிர வேறு சொல் வந்ததில்லை. கடைசி மேஜையில், சுவர் பக்கமாக, அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது.

தையல்காரி புதுப்புடவையில் சோற்றுக் கூடையோடு வந்தாள். வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தவள், மாப்பிள்ளைக்கு முன்னால் வந்ததும் கரண்டி நிறைய அள்ளினாள். அவன் இரண்டு கையையும் விரித்து வெறும் தட்டை மூடிக்கொண்டான்.

"போதும்க்கா" என்றான், சிரித்த முகத்தோடு, மரியாதையாக.

அவள் அள்ளிய சோற்றோடு அப்படியே நின்றாள். பக்கத்திலிருந்தவர், "இங்க போடும்மா" என்று தட்டை நீட்டினார். அவருக்குப் போட்டாள். அடுத்தவருக்கும் போட்டாள். அவள் ஐந்தாறு பேரைத் தாண்டிப் போனபிறகு, கண்ணாடிக் கடைப் பெண் எழுந்து இன்னொரு கூடையைக் கொண்டுவந்து அவனுக்குப் போட்டாள். அவன் தட்டிலிருந்து முதல் வாயை அவளே எடுத்து உண்டாள். கொஞ்சம் பொறுத்து அவனும் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான்.

தையல்காரி கூடை காலியானதும் நர்ஸம்மாவின் பக்கத்துச் சுவரில் வந்து சாய்ந்து நின்றாள். அங்கிருந்து பார்த்தால் தம்பியின் முதுகும், தட்டுக்கும் வாய்க்குமாகப் போய்வருகிற கையும் தெரிந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுறான் சிஸ்டர்" என்றாள். "நல்லா சாப்பிடுறான்."